மூடிலா, வட்ஸ்அப்பா? முதலில் பிள்ளையின் பையைப் பார்ப்போம்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வேறு ஆசிரியர்களும் இதை வாசிப்பார்கள். துணுக்காய்ப் பக்கம் ஒரு பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியையாக வந்து ஒன்றரை வருடம். யாரோ இரண்டு மடிக்கணினியும் ஒரு ரவுட்டரும் அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார்கள், அதிபர் "இணையக் கற்றல் தளம் ஒன்று தொடங்குங்கள் மிஸ்" என்று பொறுப்பை உங்களிடம் தந்துவிட்டார். அதே நேரம் நீங்கள் படிக்கிற பட்டப்பின் கல்வி டிப்ளோமாவில் "தனியாள் கற்றல் சூழல்" பற்றி ஒப்படை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தரம் 10, 11 இரண்டிலும் சேர்த்து 41 பிள்ளைகள், வீட்டில் ஸ்மார்ட் போன் இருப்பது பாதிக்குச் சற்று மேல், அதுவும் அப்பாவோ அண்ணனோ வேலைக்குக் கொண்டுபோகிற போன். பாடம், வினா, ஒப்படை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்துகிற மூடில் என்ற மென்பொருளைப் போடுவதா, அதே மாதிரி வேலை செய்கிற கூகுள் கிளாஸ்ரூம் போடுவதா, இல்லை இப்போதிருக்கிற வட்ஸ்அப் குழுவே போதுமா, அந்த டிப்ளோமாச் சொல்லுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி.

மூடில் போடுங்கள், ஆனால் இரண்டாவதாகப் போடுங்கள். முதல் வேலை, அந்த 41 பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு சொந்தக் கற்றல் சேகரிப்பை, ஒரு பை என்று வைத்துக்கொள்ளுங்கள், வைத்திருக்கப் பழக்குவது. பாடசாலைத் தளம் நாளைக்கு நின்றுபோனாலும், உங்களுக்கு இடமாற்றம் வந்தாலும், பிள்ளை வேறு பாடசாலைக்குப் போனாலும், அது பிள்ளையின் கையோடு போக வேண்டும். தளத்தின் வேலை அந்தச் சேகரிப்புக்குள் நல்ல பொருளைச் சேர்த்துவிடுவது.

மூடில், தனியாள் கற்றல் சூழல் என்ற இந்த இரண்டு சொல்லும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் உங்கள் ஒப்படைக்கும் உதவும். மூடில் மாதிரியானவற்றைக் கற்றல் முகாமைத்துவ முறைமை என்கிறோம். மூடிலை உருவாக்கியவர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ், முதல் முழுப் பதிப்பு 2002 இல் வெளிவந்தது. அந்த மனிதர் சின்ன வயதில் மேற்கு அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்தவர், பக்கத்தில் பள்ளிக்கூடமே இல்லை, சிற்றலை வானொலியில் ஆசிரியரின் குரலைக் கேட்டுப் படித்தவர். தூரத்துப் பிள்ளை ஒன்று பெரியவனாகிச் செய்த மென்பொருள் என்பதால் எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம் உண்டு. இலவசம், நிரலும் திறந்தது, தமிழ் இடைமுகமும் இருக்கிறது, யாரும் தங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளலாம்.

தனியாள் கற்றல் சூழல், அதாவது படிக்கிறவர் தன் கற்றல் பொருளையும் தான் எழுதியதையும் தன் சொந்த இடத்தில் தானே வைத்துக்கொள்வது, என்ற பேச்சு அதற்குப் பிறகு, 2000களின் நடுப்பகுதியில், பிரித்தானியாவிலும் கனடாவிலும் கிளம்பியது. பாடம் முடிந்ததும் தளத்தின் கதவு பூட்டப்படுகிறது, மாணவர் எழுதியதெல்லாம் உள்ளேயே நின்றுவிடுகிறது, அடுத்த பாடத்துக்கு வெறுங்கையோடு போகிறார் என்பதுதான் அவர்களுடைய முறைப்பாடு. 2008 இல் கனடாவின் மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் சீமன்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் என்ற இருவர் ஒரு பாடத்தை வேறு மாதிரி நடத்திப் பார்த்தார்கள். கட்டணம் கட்டிய மாணவர் 25 பேர், இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,200க்கு மேல். ஒவ்வொருவரும் தங்கள் சொந்த இடத்தில் எழுதினார்கள், பாடம் நடத்தியவர்கள் அந்த இணைப்புகளைத் திரட்டி எல்லோருக்கும் அனுப்பினார்கள். பாடம் முடிந்த பிறகும் எழுதியவரின் எழுத்து எழுதியவரிடமே இருந்தது. 2012 இல் கோர்செரா, எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளங்கள் எல்லாம் பெரிதாகத் தொடங்கியபோது மறுபடியும் பெரிய மண்டபம் கட்டி எல்லோரையும் உள்ளே கூப்பிடுகிற முறைக்கே போய்விட்டார்கள், அது வேறு கதை.

இந்தக் கருத்தை விளங்கிக்கொள்ள வன்னி ஆட்களுக்குக் கனடாவரை போகத் தேவையில்லை. 2009 நடுப்பகுதியில், போர் முடிந்த கையோடு, நான் செட்டிக்குளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தேன். அந்த ஓகஸ்ட்டில் முகாம்களில் இருந்த பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். எப்படிப் படித்தார்கள் என்பதை நேரில் கண்டவன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்ததில் பாடப்புத்தகம், ரியூசன் குறிப்பு, சான்றிதழ் எல்லாம் வழியிலேயே போய்விட்டன. எங்கள் பகுதியில் ஒரு பிள்ளையிடம் மட்டும் ஒரு இரசாயனக் கொப்பி மிஞ்சியிருந்தது. பொலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, மாற்றுடுப்போடு கொண்டுவந்திருக்கிறாள். அது ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய கொப்பி அல்ல. தனக்கு விளங்காத இடங்களையும், பிழை விட்ட கணக்குகளையும், பிறகு யாரிடம் கேட்டு எப்படி விளங்கிக்கொண்டாள் என்பதையும் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்த கொப்பி. அந்த ஒன்றிலிருந்து எத்தனையோ பேர் பார்த்து எழுதினார்கள், கூடாரத்துக்கு வெளியே மண்ணில் கோடு போட்டுச் சமன்பாடு சமப்படுத்தினார்கள். தனியாள் கற்றல் சூழல் என்ற சொல்லை நான் முதன்முதலில் வாசித்தபோது நினைவுக்கு வந்தது அந்தக் கொப்பிதான். உங்கள் ஒப்படையை அங்கிருந்தே தொடங்கலாம், அதில் ஒரு பிழையும் இல்லை.

சரி, அந்தப் பைக்குள் என்ன இருக்க வேண்டும்? போன் இல்லாத பிள்ளைகளிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர்களுக்குச் சரிவருவது எல்லோருக்கும் சரிவரும்.

ஒரு பிழைக் கொப்பி. 80 பக்கக் கொப்பி போதும். இடது பக்கம் தான் பிழை விட்ட கேள்வி, வலது பக்கம் ஏன் பிழைத்தது என்று தன் சொல்லில் இரண்டு வரி. சரியான விடையைப் பார்த்து எழுதுவது மட்டும் போதாது, "ஏன்" என்ற வரி இல்லாவிட்டால் அது இன்னொரு குறிப்புக் கொப்பியாகிவிடும். வாரம் ஒருமுறை நீங்கள் பார்த்துக் கையெழுத்து வையுங்கள், புள்ளி போட வேண்டாம். புள்ளி போட்டால் பிள்ளைகள் பிழையை ஒளிக்கத் தொடங்குவார்கள்.

அடுத்தது அட்டைகள். பழைய கலண்டர் மட்டையை வெட்டி ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. ஜெர்மன்காரர் செபஸ்தியான் லைட்னர் 1972 இல் சொன்ன முறை இது: ஒரு சப்பாத்துப் பெட்டியைத் தட்டுத் தட்டாகப் பிரித்து, சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தட்டுக்குப் போகும், பிழைத்த அட்டை முதலாம் தட்டுக்குத் திரும்பி வரும், முதலாம் தட்டை ஒவ்வொரு நாளும் பார்ப்பது, பின்னால் உள்ள தட்டுகளை நாள் விட்டு நாள் விட்டுப் பார்ப்பது. போன் உள்ள பிள்ளை இதையே அங்கி என்ற இலவச செயலியில் செய்யலாம், அன்ட்ராய்டில் இணையம் இல்லாமலே வேலை செய்யும். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், எங்கள் பிள்ளைகள் பரீட்சைக்கு முன் செய்வது ஒரே குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006 இல் செய்த பரிசோதனையில், ஒரு பந்தியை மறுபடி வாசித்தவர்களுக்கு ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கூடுதலாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு நினைவில் நின்றது 42 வீதம், மூடி வைத்துத் தாங்களே நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம். வாசித்த உடன் "எனக்குத் தெரியும்" என்று தோன்றுவது ஏமாற்றுகிறது. இதைப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே செய்து காட்டுங்கள், ஒரு பாடவேளை போதும்.

மூன்றாவது, நான் எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைப்பது, ஒரு சொற்பட்டியல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் தமிழில் படிக்கிற இலங்கைப் பிள்ளைக்கு இருக்கிற சிக்கலை வெளியில் யாரும் பேசுவதில்லை. யூரியூபில் தமிழில் விஞ்ஞானம் தேடினால் வருகிற காணொளிகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கானவை. நல்ல காணொளிகள்தான், சில மிக அருமையானவை. ஆனால் கலைச்சொல் வேறு. நாங்கள் ஆர்முடுகல் என்பதை அங்கே முடுக்கம் என்பார்கள், ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை, கலம் அங்கே செல், ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன், நொதியம் அங்கே நொதி. இவையெல்லாம் வேறு சொல் என்று பார்த்ததும் தெரியும், பிள்ளை எப்படியோ பிடித்துக்கொள்ளும். ஆபத்து எங்கே என்றால் ஒரே சொல் இரண்டு இடத்திலும் வேறு பொருளில் வருகிற இடத்தில். எங்கள் புத்தகத்தில் கதி என்பது திசை இல்லாத எண்ணிக் கணியம், வேகம் என்பது திசையும் உள்ள காவிக் கணியம். தமிழ்நாட்டில் திசை இல்லாததுதான் வேகம், திசை உள்ளதைத் திசைவேகம் என்பார்கள். காணொளி பார்த்துப் படித்த பிள்ளை ஒன்று சென்ற தவணைப் பரீட்சையில் "வேகத்துக்குத் திசை இல்லை" என்று எழுதியிருந்தது. பிள்ளை விளங்கித்தான் படித்திருக்கிறது, ஆனால் எங்கள் விடைத்தாளில் அது பிழை. இப்படி எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை புள்ளி போயிருக்கும் என்று நினைத்தால் மனது கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே கொப்பியின் பின்பக்கத்தில் மூன்று நிரல் போடச் சொல்லுங்கள்: எங்கள் புத்தகச் சொல், காணொளியில் வரும் சொல், ஆங்கிலச் சொல். ஆங்கில நிரல் பின்னால் பல்கலைக்கழகம் போகும்போது பெரிய உதவி. உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் முதல் வருடம் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டுத் திணறுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். நீங்கள் மூடில் போடும்போது அதிலே சொற்களஞ்சியம் என்று ஒரு செயற்பாடு இருக்கிறது, மாணவர்களே சொற்களைச் சேர்க்கலாம், நீங்கள் பார்த்து அனுமதிக்கலாம். 41 பேரும் மாதம் ஐந்து சொல் சேர்த்தால் ஒரு வருடத்தில் அந்தத் தளத்தின் மிகப் பெறுமதியான பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

பையில் இன்னும் ஒன்று ஆட்கள். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று மூன்று பேரின் பெயர் ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்க வேண்டும், ஒன்று உங்கள் பெயராக இருக்கலாம், மற்ற இரண்டும் வேறு ஆட்களாக இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்கா உயர்தரம் விஞ்ஞானம் படித்தவராக இருப்பார், மாமா வெளிநாட்டில் இருந்து ஞாயிற்றுக்கிழமை அழைப்பு எடுப்பார், அவரிடம் கணக்குக் கேட்கலாம். எங்கள் ஊரில் கேட்டால் சொல்லித்தர மறுக்கிற ஆள் குறைவு, கேட்கத்தான் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள்.

போன் உள்ள வீட்டுக்கு ஒரு மெமரி கார்ட். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் எல்லாப் பாடப்புத்தகமும் தமிழில் இலவசமாக இருக்கிறது, அத்தியாயம் அத்தியாயமாகவும் இறக்கலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகள், உயர்தர வளநூல்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்ப் பகுதி உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் செய்த, திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கிற பெற் (PhET) உருவகப்படுத்தல்களில் பல தமிழிலும் உள்ளன, ஒவ்வொன்றையும் ஒரு தனிக் கோப்பாக இறக்கி இணையம் இல்லாமல் ஓட்டலாம், ஓமின் விதிக்கு ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைக்கு அது ஒரு ஆய்வுகூடம். கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு பென்ட்ரைவில் கொண்டுதிரியலாம். இவற்றை நீங்கள் பாடசாலையில் ஒருமுறை இறக்கிப் பிள்ளைகளின் கார்டுக்கு மாற்றிக் கொடுங்கள். ஒரு பிள்ளையின் டேட்டாவும் செலவாகாது.

டேட்டா விடயத்தில் ஒரு சின்னக் கணக்கு. 2020 மார்ச் 13 இல் பாடசாலைகளை மூடியபோது எல்லோரும் ஸூமுக்கு ஓடினோம். ஒரு மணித்தியால ஸூம் வகுப்பு படத்தோடு ஓடினால் அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை இழுக்கும். அதே பாடத்தைப் பத்து நிமிடக் குரல் பதிவாகவும் கரும்பலகையின் மூன்று படமாகவும் அனுப்பினால் மூன்று நான்கு எம்பிக்குள் முடியும், பிள்ளை இரவில் அப்பா வந்த பிறகும் கேட்கலாம், இரண்டாம் தரமும் கேட்கலாம். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் ரீலோட் போடுவது அரிசியோடு போட்டியிடுகிற செலவு. அப்போது குளக்கட்டில் ஏறி நின்று சிக்னல் பிடித்த பிள்ளைகளைப் பத்திரிகைகள் படம் எடுத்துப் போட்டன, முயற்சி என்று பாராட்டினார்கள். அந்தப் பிள்ளையைக் குளக்கட்டில் ஏற்றியது நாங்கள் தெரிவுசெய்த முறைதான். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, கரண்ட் நீண்ட நேரம் போனால் போன் ரவரும் போகும், அப்போது தொடர்ந்து படித்தவர்கள் கையில் ஏற்கனவே இறக்கி வைத்திருந்தவர்கள் மட்டும்தான். முழு இலங்கையையும் எடுத்தால் கூட மேசைக்கணினியோ மடிக்கணினியோ உள்ள வீடு ஏறக்குறைய 22 வீதம் என்றுதான் அந்த நாட்களில் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கு சொன்னது. ஆகவே எதை அமைத்தாலும் போனில், அதுவும் மற்றவருடைய போனில், அதுவும் இணையம் அறுந்த நேரத்தில் வேலை செய்யுமா என்று பார்த்து அமையுங்கள்.

இனி மூடில். அது நன்றாகச் செய்கிற வேலை மூன்றுதான் என்பேன்: வினாக்களைக் கொடுத்து உடனே பின்னூட்டம் சொல்வது, ஒப்படைகளை ஒழுங்காகச் சேகரிப்பது, யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்று உங்களுக்குக் காட்டுவது. குறிப்புகளைக் கொட்டி வைக்கிற களஞ்சியமாக மட்டும் பாவிப்பதென்றால் அதற்கு மூடில் தேவையில்லை, பென்ட்ரைவ் போதும். வினா போடும்போது "சரி", "பிழை" என்று நிறுத்தாமல் ஒவ்வொரு பிழை விடைக்கும் ஒரு வரி எழுதுங்கள். "நீ கதியையும் வேகத்தையும் மாற்றி எடுத்துவிட்டாய், 10ஆம் ஆண்டுப் புத்தகத்தை இன்னொருமுறை பார்" என்று வந்தால், இரவு பத்து மணிக்கு ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கிற மாதிரி. அந்த வரியைப் பிழைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், அப்போது தளத்தில் நடந்தது பைக்குள் வந்துவிடும். மூடில் செயலியில் ஒரே போனில் இரண்டு மூன்று பிள்ளைகளின் கணக்கை மாற்றி மாற்றிப் பாவிக்கலாம், வினாத்தாளை இணையம் இல்லாமல் செய்ய அனுமதிக்கிற தெரிவும் இருக்கிறது, அதை ஒவ்வொரு வினாத்தாளிலும் நீங்கள்தான் திறந்துவிட வேண்டும்.

உங்களிடம் இருக்கிற ரவுட்டரையும் ஒரு மடிக்கணினியையும் வைத்து வெளி இணையமே இல்லாமல் மூடிலை ஓட்டலாம். மடிக்கணினியில் மூடிலை நிறுவி, ரவுட்டரின் வைபைக்குப் பிள்ளைகளின் போனோ மற்ற மடிக்கணினியோ இணைந்தால் போதும், ஒரு சதத்துக்கும் டேட்டா வேண்டாம். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி கிடைத்தால் மூடில்பொக்ஸ் என்று அதற்கென்றே ஒரு தயார்ப் பொதி உண்டு. மூடில் பாரமாகத் தெரிந்தால் கொலிப்ரி என்று ஒன்று இருக்கிறது, இணையம் இல்லாத பாடசாலைகளை நினைத்தே செய்தது, பழைய கணினியிலும் ஓடும், அதில் பாடம் ஒழுங்குபடுத்துவது மூடிலை விட இலகு, ஆனால் வினாவைத் தமிழில் நீங்கள் நினைத்தபடி ஆக்குவதற்கு மூடில்தான் வசதி.

கூகுள் கிளாஸ்ரூம் தொடங்குவது மிக இலகு, அரை மணித்தியாலம். ஆனால் அது ஓடுவது உங்கள் கணக்கில். வன்னியில் ஆசிரியர் இடமாற்றம் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள் கஷ்டப் பிரதேசச் சேவை முடிந்ததும் போய்விடுவார்கள், வகுப்பும் அவர்களோடு போய்விடும். மூடிலிலும் இந்த ஆபத்து இல்லாமலில்லை. நான் 2016 இல் ஒரு பாடசாலைக்கு மூடில் தளம் போட்டுக் கொடுத்தேன். மூன்று வருடத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்குமாக நல்ல வினாத்தொகுதி ஒன்று சேர்ந்தது, மூன்று ஆசிரியர்கள் இரவிரவாக இருந்து தட்டச்சிட்டது. தளப் பெயருக்கான வருடக் கட்டணத்தைக் கட்டுகிற பொறுப்பு யாருக்கு என்று எழுதி வைக்கவில்லை. கட்டுகிறவர் மாறிப் போனார், தளம் போனது, பிரதி எடுத்து வைக்க நானும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. இன்றைக்கும் அந்த வினாக்களை நினைத்து வருந்துகிறேன். மூடிலில் ஒரு முழுப் பாடத்தையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுக்கலாம். மாத முடிவில் எடுங்கள், ஒன்று உங்களிடம், ஒன்று அதிபரின் அலுமாரியில், ஒன்று வேறு பாடசாலையில் உள்ள நண்பியிடம். நிர்வாகக் கடவுச்சொல்லை உறையில் போட்டு ஒட்டி அதிபரிடம் கொடுத்துவிடுங்கள்.

வட்ஸ்அப் குழுவை நிறுத்த வேண்டாம், அறிவித்தலுக்கு அதைப்போல ஒன்று இல்லை. ஆனால் அதில் பாடம் நடத்தாதீர்கள். ஒரு வாரத்துக்கு முன் போட்ட குறிப்பு பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழே எங்கேயோ போய்விடும், போனில் இடம் நிறைந்ததும் அப்பா எல்லாவற்றையும் அழித்துவிடுவார். இன்னொன்று, பெண்பிள்ளைகளின் இலக்கங்கள் ஒரு பெரிய குழுவில் எல்லோருக்கும் தெரிவதைப் பற்றி யோசியுங்கள். தவறான அழைப்பு வந்து, வீட்டில் போனைப் பறித்து, அந்தப் பிள்ளையின் படிப்பே நின்ற கதை எனக்குத் தெரிந்து இரண்டு இருக்கிறது. ஆசிரியர் மட்டும் அனுப்புகிற குழுவாக மாற்றினாலும் இலக்கங்கள் தெரியும், அறிவித்தல் பட்டியலாக அனுப்பினால் தெரியாது, ஆனால் உங்கள் இலக்கம் அவர்கள் போனில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பாமினியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பகுதியில் தவணைப் பரீட்சை வினாத்தாள் முழுக்க இன்னமும் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கிறது. அதை அப்படியே மூடிலில் ஒட்டினால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குப்பைதான் பிள்ளையின் போனில் தெரியும், ஏனென்றால் அந்தக் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேசம் போட்டுக் காட்டுகிறது. தேடினாலும் அகப்படாது. எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, மாற்றிய பிறகு கொம்பு, கால், ரகரத்தை ஒருமுறை கண்ணால் பாருங்கள். கணிதச் சமன்பாடுகளும் சேர்ந்து குழம்பும், அவற்றைத் திரும்ப எழுதத்தான் வேண்டும். இனி ஆக்குகிற வினாத்தாளையாவது யுனிகோடில் ஆக்குங்கள், வலயத்தில் மற்ற ஆசிரியர்களிடமும் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் பிள்ளைகள் கணக்கைப் படம் பிடித்துப் போட்டு விடை எடுக்கிறார்கள் என்று கவலைப்பட்டிருந்தீர்கள். தடுப்பது சாத்தியமில்லை. அவை தருகிற தமிழிலும் பெரும்பாலும் முடுக்கமும் ஒளிச்சேர்க்கையும்தான் வரும், சில நேரம் உறுதியான குரலில் பிழையாகவும் சொல்லும். "அது சொன்ன விடையை எடுத்து வா, வகுப்பில் பிழை பிடிப்போம்" என்று ஒரு பாடவேளை செய்து பாருங்கள். பிழை பிடிக்கிற பிள்ளை பாடத்தை விளங்கிய பிள்ளை.

உயர்தரம் முடித்து வீட்டில் இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் ஏதாவது சொல்லச் சொன்னீர்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளத்தில் நிரலாக்கப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, சான்றிதழும் உண்டு, ஆங்கிலத்தில்தான். வெளிநாட்டுப் பெரிய தளங்களும் இருக்கின்றன. ஆனால் தனியே சேர்ந்தால் விட்டுவிடுவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடெக்ஸில் ஹார்வார்ட், எம்ஐடி நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019 இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையின்படி, 2017–18 இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் ஏறக்குறைய 3 வீதம். பிள்ளைகள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தமில்லை, பக்கத்தில் ஆள் இல்லாமல் படிப்பது யாருக்கும் கஷ்டம். ஒரே பாடத்தில் மூன்று பேராகச் சேர்ந்து, கிழமைக்கு இரண்டு நாள் வாசிகசாலையில் ஒன்றாக இருந்து பார்க்கச் சொல்லுங்கள். சனசமூக நிலையத்தில் ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் கேட்டால் தராமல் விடமாட்டார்கள்.

நீங்கள் எதை எப்போது செய்வது என்று குழம்புவீர்கள். இந்தத் தவணை கொப்பி, அட்டை, சொற்பட்டியல் மட்டும். பக்கத்திலேயே மூடிலை உங்கள் மடிக்கணினியில் நிறுவி, ஒரு அலகுக்கு மட்டும் 20 வினா, பின்னூட்டத்தோடு, ஆக்கிப் பழகுங்கள். அடுத்த தவணை அந்த ஒரு அலகைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். ரவுட்டரை அதிபர் அறையில் வைத்துப் பூட்டாமல், போன் இல்லாத பிள்ளைகள் பாடசாலை விட்ட பிறகு அரை மணித்தியாலம் மற்ற மடிக்கணினியில் இருக்கக்கூடிய ஒரு வகுப்பறையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்து நேரம் வையுங்கள்.

உங்களிடம் இருக்கிற பழைய பாமினி வினாத்தாள்களை ஒரு பென்ட்ரைவில் போட்டு, மாங்குளம் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். யுனிகோடுக்கு மாற்றி, சமன்பாடுகளையும் சரிபார்த்து, அதே பென்ட்ரைவில் திருப்பி அனுப்புகிறேன். 10ஆம் ஆண்டு இயக்கம் பற்றிய அலகை முதலில் தாருங்கள், கதியும் வேகமும் அதில்தான் வருகிறது.